ஆளுக்கொரு முதலாளி

சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களின் கையில் ஒரு காப்பை மாட்டிவிடுவார்கள். எங்கே வேலை பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள் என்று அது அளந்துகொண்டே இருக்கும். அப்படி வெளியே வந்த சகாயராணி, ஒரு கம்பெனியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் சொந்தமாகப் பஞ்சர் கடை போட்ட அன்றே அவள் காப்பு சிவந்துவிட்டது.

"தங்களுக்கு முதலாளி இல்லை. வேலையற்றவர் என்று பதிவாகிறது. நாளை சிறையின் பயிற்சி விடுதிக்கு வந்து சேரவும்" என்றது காப்பு.

"கடையே என்னுதுதான்" என்று அவள் எவ்வளவு சொல்லியும் அதன் காதில் ஏறவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதே சிறையில் இருந்த பொன்னுத்தாயி, பக்கத்தில் புதிதாக டீக்கடை போட்டிருந்தாள். அவள் காப்பும் சிவப்பாகத்தான் எரிந்தது.

"யக்கா, நீங்க எங்கடைல வேலைக்குச் சேருங்க. நான் உங்க கடைல சேந்துக்கிடுதேன்" என்றாள்.

"லீவு வேணும்னா?"

"நான் உங்ககிட்ட கேக்கேன். நீங்க எங்கிட்ட கேளுங்க."

இருவரும் தத்தம் காப்பிடம் அப்படியே சொன்னார்கள். இரண்டும் ஒன்றாகப் பச்சைக்கு மாறி, "வாழ்த்துகள், நல்ல இடத்தில் சேர்ந்திருக்கிறீர்கள்" என்றன. இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

அப்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர், "இங்க முதலாளி யாரும்மா?" என்று கேட்டார்.

இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.