நீலமணி

பாலஸ்தீனத்து நாப்லூஸில் ஜனவரி மழை. மண்ணெண்ணெய்க் கணப்பை ஒட்டி நின்றும் தையற்காரி உம் நதீமுக்குக் கை விறைக்கிறது. கல்யாணப் பெண் ரஃபீஃபோ கையில்லாத வெள்ளை உடுப்பில் ஜன்னலோரம் வியர்த்துக்கொண்டிருக்கிறாள். "மூணாவது தடவையா இடுப்பப் பிடிக்கிறேன்டி. வீட்டுல சாப்பாடே போடறதில்லையா?" "காலையில அஞ்சு ரொட்டி தின்னா," என்கிறாள் அக்கா மைசூன். "அப்ப மாப்பிள்ள நெனப்புதான் உருக்குது!" ஊசிகளைப் பல்லில் கடித்தபடி உம் நதீம் சிரிக்கிறாள். ரஃபீஃபும் சிரித்துக்கொண்டே தேநீரை எடுக்க, குவளை தட்டில் கிணுகிணுக்கிறது. மைசூனின் சிரிப்பு நின்றுவிடுகிறது. "கழுத்துகூட பூசினாப்புல அழகாயிருக்கு. கண்ணு பட்டுடும்," என்று உம் நதீம் நீலமணி ஒன்றை நூலில் கோத்துக் கட்டிவிடுகிறாள். "அசையாம உக்காரு." ரஃபீஃப் அசையாமல் உட்கார்கிறாள். தொண்டைக்குழியில் மணி மட்டும் துள்ளுகிறது. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் ஒரு தடவை நகர்வதற்குள் மணி இரண்டு தடவை துள்ளுவதை மைசூன் பார்க்கிறாள். சும்மா இருக்கும் உடம்பு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. "நாளைக்கு டாக்டர்கிட்ட போலாமா?" "பத்து நாள்ல கல்யாணம்க்கா. பொண்ணு சீக்காளின்னு ஊரே பேசணுமா?" உம் நதீம் கத்தரியை எடுக்கிறாள். "மிச்சத் துணிய வெட்டிடவா?" "வெட்டாதீங்க. மடிச்சுத் தைங்க, போதும்," என்கிறாள் மைசூன். "ஏன், மறுபடி சதை போடுவாளா என்ன?" மைசூன் மணியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.