உள்ளங்கைத் தோல்

பெக்கோக் செம்பனைத் தோட்டத்தில் இருபது வருஷம் உதிரிப்பழம் பொறுக்கியதில் காளியம்மாவின் கைரேகை தேய்ந்துவிட்டது. அடையாள அட்டை புதுப்பிக்கப் போன இரண்டு இடத்திலும் மிஷின் அவளை ஏற்கவில்லை. "உலு திராம் ஆபீசுல கை பதியக் கூப்பிடுறாங்க" என்று தோட்டக் கணக்கெழுதும் கிராணி சொன்னதும், ரேகை தெளியட்டும் என்று ஒரு வாரம் கிரீம் தேய்த்துக்கொண்டு அங்கே வந்திருந்தாள்.

கையைத் தொட்ட ஆபீஸ் பெண் லோஷினி முகம் சுளித்தாள். "என்னா ஆண்ட்டி, வழுவழுன்னு இருக்கு?"

"கழுவிட்டு வரேம்மா. இந்தக் கை ஆகாதுன்னு நீங்களும் திருப்பி அனுப்பிடாதீங்க."

கழுவிய கையில் மெத்தென்ற ரப்பரை அழுத்தி, விளக்கை மாற்றி மாற்றிப் படமெடுத்தாள் லோஷினி.

"ரேகை விழுந்துச்சாம்மா?"

"ரேகை எதுக்கு? வெடிப்பும் காய்ப்பும்தான் வேணும். முடியில பாதி கனத்துக்குக் கீறல் இருந்தாலும் இது புடிச்சிடும்லா."

"அப்ப இது அட்டைக்கு இல்லியா?"

"அட்டையா? நாங்க கம்ப்யூட்டர்ல படம் செய்றவங்க ஆண்ட்டி. நாலு மாசமா இந்தத் தோலைத்தான் தேடுனோம்."

லோஷினி எதையோ தட்டினாள். சுவரளவு திரையில் ஒரு யானை எழுந்து நின்றது. அதன் உடம்பெல்லாம் காளியம்மாவின் உள்ளங்கை. அது மூச்சுவிட, வெடிப்புகளுக்குள் நிழல் ஏறி இறங்கியது.

கும்பிடக் கை தூக்கிய காளியம்மா, பாதியில் நிறுத்தித் தன் கையையே பார்த்தாள்.