சத்தமில்லாமல் மூடியது

மடக்கு போனின் கீலில் விரிசல் விட்டிருந்தது. அண்ணனோடு சண்டை வரும்போதெல்லாம் தில்லைநாயகி மேல்மூடியைப் படாரென்று அறைந்துதான் பேச்சை முறிப்பாள்.

"இன்னொரு அறை விழுந்தா நான் ரெண்டாயிடுவேன்" என்றது கீல்.

"மறுநாளே அவளே கூப்பிட்டுச் சிரிச்சுப் பேசுவா. பொறுத்துக்கோ" என்றது மூடி.

"உனக்கென்ன, உடையப்போறது நான்."

மணி அடித்தது. 'அண்ணன்' என்று காட்டியது வெளித்திரை. அவள் திறந்தாள். கீல் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"பொண்ணுக்கு நேத்து கல்யாணம் முடிஞ்சுதும்மா. அவசரத்துல உனக்குச் சொல்ல முடியல."

அவள் விரல் மூடிமேல் ஏறியது.

"அப்படிங்களா" என்றாள். இதுவரை அவரை அவள் நீ என்றுதான் பேசியிருக்கிறாள். மூடியை மெதுவாக, சத்தமே வராமல் மூடினாள்.

"தப்பிச்சேன்" என்றது கீல்.



மறுநாள் 'அண்ணன்' ஒளிர்ந்தது. மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. போன் மூடியே கிடந்தது.