சொல் பிசகாமல்

"தம்பி செத்த கதைய மூணு தடவை சொல்லியிருக்கீங்க. மூணுலயும் ஒரு சொல்கூட மாறல" என்று அகதி விசாரணைத் தீர்ப்பாளர் விட்காம் குற்றம் சாட்டினார்.

மொழிபெயர்ப்பாளர் உபா அதைச் சோமாலியில் சொன்னதும், அடைக்கலம் கேட்டு வந்த தீரியேவின் முகம் கல்யாண வீடாக மலர்ந்தது.

"ஐயாவுக்கு நல்ல காது. நன்றி சொல்லும்மா."

உபா சொன்னாள். நன்றி சொன்னதில் ஆள் இன்னும் சந்தேகத்துக்கு இடமானார்.

தம்பியைச் சுட்டவர்கள் ஊரில் தீரியேவையும் தேடிக்கொண்டிருந்தார்கள். இன்று டொராண்டோ கைவிரித்தால், விமானமே அவரை அவர்கள் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

ஒட்டகம் மேய்க்கிற தீரியேவின் ஆட்கள் நடுவில், அடுத்தவன் பாட்டில் ஒரு சொல்லை மாற்றிப் பாடுகிறவன் திருடன். சாட்சியில் ஒரு சொல்லை மாற்றுகிறவன் புளுகன். விட்காமின் ஊரிலோ உண்மை பேசுகிறவன் கொஞ்சம் தடுமாற வேண்டும், தேதியைக் குழப்ப வேண்டும், நடுவில் அழுதுவிட்டால் உத்தமம்.

இதை விளக்கிச் சொல்ல உபாவுக்கு அனுமதியில்லை. நாக்கை வாடகைக்கு விட்டவள் கருத்தை விற்கக்கூடாது.

"சொல்லுக்குச் சொல் எந்த மனுஷனும் ஞாபகம் வச்சிருக்க முடியாது. இது யாரோ எழுதிக் கொடுத்து நெட்டுரு போட்டது" என்றார் விட்காம்.

இந்தத் தடவை தீரியேவுக்கு ரோசம் வந்தது. "எழுதிக் கொடுக்கவா? எனக்குப் படிக்கவே தெரியாதும்மா. காலையில இந்த அறைக்குள்ள வந்ததுல இருந்து ஐயா பேசினத அப்படியே சொல்றேன். ஐயாவே சரிபார்க்கட்டும்."

விட்காம் சிரித்து, தாராளமாகக் கையை நீட்டினார். மேசைமேல் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

தீரியே கண்ணை மூடினார். அவருக்கு ஆங்கிலம் அறவே தெரியாது. பொருள் தெரியாத சத்தத்தை விட்காமின் மூக்கடைப்போடும், இடையில் வந்த ஒரு தும்மலோடும் எடுத்து வைத்தார்.

அது உபா கேட்டிராத பேச்சு. அவளும் தீரியேவின் வக்கீலம்மாவும் அவரை வாசலில் இறக்கிவிட்டு, காரை நிறுத்த இடம் தேடி அலைந்த நேரத்தில், ஒலிப்பதிவு தொடங்கும் முன்பு, விட்காம் தன் உதவியாளரிடம் பேசியது.

"சோமாலியாவா? இந்த வாரத்துல நாலாவது. நிராகரிப்பு உத்தரவ நேத்தே அடிச்சு வச்சிட்டேன், தேதி மட்டும் போடணும். சும்மா ஒரு மணி நேரம் கேள்வி கேப்போம். பதினொண்ணரைக்கு விட்டா மீன் சாண்ட்விச் சூடா கிடைக்கும்."

உதவியாளர் சிரித்த சிரிப்பையும் தீரியே விடவில்லை.

உபாவுக்கு இங்கே வேலையில்லை. ஆங்கிலத்தை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. வக்கீலம்மா மட்டும் பேனா மூடியைக் கழற்றி, நிதானமாக எழுத ஆரம்பித்தார்.

தீரியே கண்ணைத் திறந்தார். ஒருவரும் பாராட்டக் காணோம். விட்காமின் முகத்தைப் பார்த்துக் கலவரமாகி உபாவிடம் குனிந்தார்.

"எங்கயாவது சொல் தப்பிட்டேனாம்மா?"

அன்று முழுக்க அடுத்தவர் பேச்சையே பேசிய உபா, முதல்முறையாகத் தன் வார்த்தையைச் சொன்னாள்.

"இல்ல சித்தப்பா. ஒண்ணுகூட தப்பல."