உண்மையை மட்டும் போடு

“முழுப் பெயர்?”

“பத்து வருஷமா கூடக் குடித்தனம் பண்றியே, என் பேரு தெரியாதா உனக்கு?”

“பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே கேக்குதுங்க. அதைக் கொடுங்க.”

கணவன் பாஸ்போர்ட்டை மேசை மேல் விட்டெறிந்தான். அது வழுக்கிக்கொண்டு போய், அவளுடைய இடது கைப்பக்கம் கவிழ்ந்து கிடந்த ஒரு தாளின் மேல் நின்றது. அதில் இருந்த பெயரையும் எண்ணையும் பார்த்து அவள் கணினியில் அடித்தாள். முடித்ததும் பாஸ்போர்ட்டை அந்தத் தாளின் மேலேயே கவிழ்த்து வைத்தாள்.

அவளுக்கு மருத்துவமனையில் டேட்டா என்ட்ரி வேலை. நோயாளிகளின் விவரங்களை நாள் முழுக்கக் கணினியில் ஏற்றுகிறவள். கையில் ஆதாரம் இல்லாமல் ஒரு கட்டத்தையும் நிரப்ப மாட்டாள். அந்தந்தக் கட்டத்துக்கு உரிய தாளை இடப்பக்கம் கவிழ்த்து வைப்பது வேலையில் படிந்த பழக்கம், வீட்டுக்கும் வந்துவிட்டது.

அவன் சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். இருபது பேரை அதட்டி வேலை வாங்கத் தெரியும், இணையத்தில் ஒரு பயண அனுமதிக்கு விண்ணப்பிக்கத் தெரியாது. தானே இரண்டு முறை போட்டுப் பார்த்தான். முதல் முறை பாஸ்போர்ட் முடிகிற தேதியைப் பிறந்த தேதியாகப் போட்டு, இன்னும் பிறக்காத ஆளாகிவிட்டான். அடுத்த முறை, அந்த நாட்டில் எங்கே தங்குவீர்கள் என்று கேட்டதற்கு இந்த வீட்டு விலாசத்தையே கொடுத்தான். இரண்டும் திரும்பி வந்தன. மூன்றாவதும் பிழையானால் ஆறு மாதத்துக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. விமானமோ வெள்ளிக்கிழமை.

“ஒரு எழுத்து தப்பா விழட்டும், தொலைச்சிடுவேன். பொய் போட்டா ஆயுசுக்கும் உள்ள விட மாட்டானாம். உண்மையை மட்டும் போடு.”

“சரிங்க.”

“வாசக் கதவை எதுக்குத் திறந்து போட்டிருக்க?”

“புழுக்கமா இருக்குங்க.”

புழுக்கம் என்கிறவள் மணிக்கட்டு வரை மூடுகிற முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

“கூட வர்ற குழந்தை இருக்கான்னு கேக்குது.”

“இருக்கு. என் மக.”

என் மகளாம். பிள்ளைக்கு ஏழு வயது. எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று கேட்டால் இவன் விரல்விட்டு எண்ணுவான். அப்படிப்பட்ட அப்பனுக்குத் திடீரென்று பாசம் பொங்கி, அவளைக் கொண்டுபோய் வெளிநாட்டில் தன் அக்காள் வீட்டில் விட்டு வளர்க்கப் போகிறானாம். “ஒரு வருஷம் போகட்டும், உன் மூஞ்சியே அவளுக்கு மறந்துடும்” என்று நேற்று சிரித்துக்கொண்டே சொன்னான். ஒரே விண்ணப்பம்தான். இவனுக்கு அனுமதி கிடைத்தால் பிள்ளைக்கும் கிடைத்துவிடும், கிடைத்தால் பெற்றவள் வெறும் வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

“அம்மாவோட சம்மதக் கடிதம் வேணுமாம்.”

“அதான் நேத்து கையெழுத்துப் போட்டியே. அதை ஏத்து.”

எப்படிப் போட வைத்தான் என்பது அந்த முழுக்கைச் சட்டைக்குள் இருக்கிற கைக்குத் தெரியும். அவள் கடிதத்தின் நகலை ஏற்றினாள். அழுவாள், காலில் விழுவாள் என்று காத்திருந்தவனுக்குச் சப்பென்று போய்விட்டது. வம்புக்கு வேறு வழி தேடினான்.

“நாலு ஜெராக்ஸ் எடுக்கக் காலையில போனவ ரெண்டு மணி நேரம் கழிச்சு ஆடி அசைஞ்சு வர்றா. எவகூட அரட்டை?”

“உக்காருங்கன்னு சொல்லிட்டாங்க. கூட்டம்.”

“உன்னையெல்லாம் ஒருத்தன் உக்கார வெச்சுப் பேசுறானா?”

அவள் கடிதத்தையும் இடப்பக்கம் கவிழ்த்தாள்.

“இனிமே ஆமா, இல்லைதான். தொத்து வியாதி ஏதாவது?”

“இல்லை.”

“வேற நாட்டுல இருந்து உங்களைத் திருப்பி அனுப்பியிருக்காங்களா?”

“இல்லை. எல்லாத்துக்கும் இல்லைன்னு அமுக்கிட்டுப் போடி. இது என்ன பரீட்சையா?”

“ஒவ்வொண்ணாப் படிச்சுத்தான் அமுக்கணும். உண்மையை மட்டும் போடுன்னு நீங்கதான சொன்னீங்க.”

வாய்க்கு வாய் பேசுகிறாளா என்று முறைத்தான். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“கடைசிக் கேள்வி. உங்க மேல போலீஸ்ல புகாரோ கேஸோ இருக்கா?”

“இல்லை.”

அவள் ‘ஆம்’ என்பதை அழுத்தினாள்.

திரையில் புதிதாக இரண்டு கட்டங்கள் திறந்தன. ஒன்று புகார் எண், இன்னொன்று தேதி.

அவன் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தான். “கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? என் மேல ஏதுடி புகார்?”

அவள் இடப்பக்கத்து அடுக்கைத் தூக்கினாள். எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த தாளை உருவி, திருப்பிப் போட்டு, அதில் இருந்த எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்தாள். தேதிக் கட்டத்தில் இன்றைய தேதியை அடித்தாள். ஒருமுறை சரிபார்த்துவிட்டு ‘அனுப்பு’ என்பதையும் அழுத்தினாள்.

ஓங்கிய கை அந்தரத்தில் நிற்க, அவன் அந்தத் தாளின் மூலையில் இருந்த முத்திரையையே பார்த்தான். திறந்து கிடந்த வாசலில் ஏதோ வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

“எப்படி... எப்போ?”

அவள் அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

“ஜெராக்ஸ் கடைக்கு எதிர்லதாங்க போலீஸ் ஸ்டேஷன்.”