எருமைத் தளபதியின் கடைசிக் கட்டளை

சிங்க ராஜாவை விரட்டிவிட்டு, விலங்குகள் தங்களுக்கென்று சபை அமைத்துக்கொண்ட காலம் அது. வண்டியிழுத்துக்கொண்டிருந்த எருமை வீரத்தால் தளபதியானது. ராஜாவுக்காகப் படையெடுத்து வந்த ஓநாய்களை இரண்டு முறை முட்டித் துரத்தியது. மூன்றாம் முறை ஆற்றங்கரையில் காவல் நின்றபோது வெள்ளம் புரண்டு வரவே, படையோடு பின்வாங்கியது.

“கரையை ஏன் விட்டாய்?” என்று கேட்டது சபைத் தலைவர் நரி.

“நின்றிருந்தால் அத்தனை பேரும் செத்திருப்பார்கள், தலைவரே.”

“செத்திருந்தால் தியாகிகள். இப்போது நீ துரோகி.”

எருமையை மலையுச்சியிலிருந்து உருட்டிவிட அதன் படைக்கே உத்தரவானது. உயிர் பிழைத்து வந்த படைக் காளைகள் தயங்கி நின்றன. தயங்கியவர்களை நரி குறித்துக்கொள்வதை எருமை பார்த்துவிட்டது.

“தள்ளுங்கடா! இல்லாவிட்டால் அடுத்து நீங்கள்தான்” என்று அதட்டியது.

எருமையின் சொல்லைக் காளைகள் ஒருநாளும் தட்டியதில்லை. அன்றும் தட்டவில்லை.