அடித்தவன்

"இவளை அடிச்சியா?"

டாக்டர் ராஜமாணிக்கம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

கட்டை வண்டியில் கிடந்த எல்லம்மாளுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். பத்து நாளாகத் தலைவலி, வாந்தி என்றான் கூட வந்த அவள் அண்ணன். நேற்றிலிருந்து பேச்சும் குழறுகிறதாம். ஒரு கண் மாறுகண்ணாகத் திரும்பியிருந்தது. நெற்றியோரம் ஒரு காயம், காய்ந்து கறுத்துப் போயிருந்தது.

புருஷன் வேடியப்பன் மணவூர்ப் பக்கம் வயல் கூலிக்குப் போகிறவன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒருமுறை மச்சானைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"ஆங், அடிச்சேங்க."

பெண்சாதிமேல் கைநீட்டுகிறவர்களைக் கண்டால் டாக்டருக்கு ஆகாது. காத்திருந்த நோயாளிகள் அத்தனை பேர் காதிலும் விழும்படி திட்டித் தீர்த்தார். அவள் படுத்திருக்கும் அறைக்குள் அவன் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வாசலில் வைத்து அண்ணன்காரன் அவன் கன்னத்தில் இரண்டு அறை விட்டான். திருத்தணிக் கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. டாக்டரும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டார்.

மூன்று நாள், தலையில் பட்ட அடிக்கான வைத்தியமே நடந்தது. இடையில் வந்த காய்ச்சலும் விடவில்லை.

நான்காம் நாள் கம்பவுண்டர் அதாவுல்லா தலையணையைச் சரிசெய்ய அவள் தலையைத் தூக்கினார். கழுத்து மடங்கவில்லை. பலகையைத் தூக்கியதுபோல் தோளும் முதுகும் சேர்ந்து எழுந்தன.

"டாக்டர் சார், இது அடிதானா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

டாக்டர் வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. எல்லம்மாளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இடுக்கில் ஊசி செலுத்தி நீர் எடுத்தார். மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தால் நீர் சிவந்திருக்க வேண்டும். தெளிந்த நீர்தான் வேகவேகமாகச் சொட்டியது. அதைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, ஆடாமல் அசையாமல் வைத்தார்கள். மறுநாள் காலை பார்த்தபோது குழாயின் நடுவே சிலந்தி வலைபோல மெல்லிய படலம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

க்ஷயரோகம். மூளையை மூடிய சவ்வுக்கே போயிருந்தது. எந்த அடியாலும் வருகிற வியாதி இல்லை அது.

1949-ஆம் வருஷம். அந்த நோய்க்கென்று புது ஊசி மருந்து அப்போதுதான் மெட்ராஸுக்கு வர ஆரம்பித்திருந்தது. டாக்டர் அங்கே தெரிந்த பெரிய டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, ரயிலேற்றிவிட ஸ்டேஷனுக்கும் வந்தார். வேடியப்பன் அவளைக் குழந்தைபோலத் தூக்கிவந்து பெட்டிக்குள் கிடத்தினான்.

என்ன வியாதி என்று அண்ணன் கேட்டான். மூளைக் காய்ச்சல் என்றார் டாக்டர்.

"இவன் அடிச்சதாலதானே வந்துச்சு?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், மூன்று நாள் தான் தப்பாக வைத்தியம் பார்த்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ரயில் கிளம்பிவிட்டது.

ஏழு மாதம் கழித்துப் புருஷனும் பெண்சாதியும் வந்து நின்றார்கள். எல்லம்மாள் தானாகவே படியேறி வந்தாள். உயிர் தங்கிவிட்டது, அந்த ஊசி மருந்தால் காது இரண்டும் போய்விட்டன. நோய் தணிந்துவிட்டது, இனி இவளிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று மெட்ராஸ் டாக்டர் எழுதியிருந்தார்.

டாக்டர் அவள் நெற்றித் தழும்பைத் தொட்டு, எப்படி வந்தது என்று சாடையில் கேட்டார்.

"தலை சுத்தி உரல்மேல விழுந்தேங்க," என்றாள் அவள், காது கேளாதவர்களின் உரத்த குரலில். "இவருதான் மடியில போட்டுகினு அழுதாரு. இதுவரைக்கும் ஒரு அடி அடிச்சதில்லீங்க என்னை."

வேடியப்பன் சட்டென்று வாசல் பக்கம் திரும்பி, யாரும் கேட்டுவிட்டார்களா என்று பார்த்தான்.

டாக்டர் அவனைத் தனியே அழைத்துப் போனார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார்.

போன வருஷம் தன் அக்கா இருமி இருமி ரத்தம் கக்கியதை அவன் சொன்னான். ஊரார் அவளை ஊருக்கு வெளியே கொல்லைமேட்டுக் குடிசையில் தள்ளிவிட்டார்கள். கூடப் பிறந்தவர்களே பயந்து ஒதுங்கியபோது, தினமும் போய்த் தண்ணீர் கொடுத்தவள் எல்லம்மாள்தான். இவளுக்கும் இருமல் வந்தபோது அவனுக்கு விளங்கிவிட்டது.

"அன்னைக்கு அவ அண்ணன் பக்கத்துலயே நின்னுகினு இருந்தாருங்க. நீங்க அடிச்சியான்னு கேட்டீங்க. இருமலைச் சொன்னா இவளையும் குடிசையில தள்ளிடுவாங்கன்னு, ஆமான்னுட்டேன். பொய் சொன்னது தப்புதாங்க. அதனால மூணு நாள் போச்சு."

அந்தப் பொய்யை அவன் கையில் எடுத்துக் கொடுத்தது யார் என்று டாக்டருக்குத் தெரியும். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஊரில் இன்றுவரை ஒருவரும் அவனோடு பேசுவதில்லை, நடவுக்கும் அறுப்புக்கும் கூப்பிடுவதில்லை என்று அதாவுல்லா காதில் விழுந்ததைச் சொல்லியிருந்தார்.

"நாளைக்கே உங்க ஊருக்கு வர்றேன், வேடியப்பா. நாலு பேர் எதிர்ல, உன்மேல தப்பே இல்லைன்னு நானே சொல்றேன்."

வேடியப்பன் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாங்க ஐயா. நான் அடிச்சவனாவே இருந்துட்டுப் போறேன். அப்பதான் ஊரு அவளைச் சேத்துக்கும்."